பர்ஸோ திறந்த இன்ஜின்

லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்த அரக்கோணத்து நடேசனுக்கு மூத்த மகளாகப் பிறந்தவள் ராஜம். பிறந்தது, தவழ்ந்தது, பள்ளிக்கூடம் போனது, பெரியவளானது எல்லாம் அந்த ரயில்வே குவார்ட்டர்ஸில்தான். வீட்டுக்குள் தமிழ், குழாயடியில் தெலுங்கு, தெருவில் தக்கனி உருது என்று மூன்றையும் ஒரே வாயில் போட்டு மென்று வளர்ந்தவள். அதனால் எது எந்த மொழி என்று பிரித்துப் பார்க்கும் வழக்கமே அவளுக்குக் கிடையாது. இன்னொரு கரண்டி சோறு வேண்டாம் என்றால் நக்கோ. சரி என்றால் ஹவ். ஏன் என்று கேட்க கைக்கு. அவளைப் பொறுத்தவரை இதெல்லாம் தமிழ்தான். மதராஸிலிருந்து வந்த சொந்தக்காரர்கள் திருதிருவென்று விழித்தால், பாவம், இவர்களுக்குத் தமிழ் சரியாக வரவில்லை என்று நினைத்துக்கொள்வாள்.

அவளைக் கட்டிக்கொண்ட பழனிசாமிக்குக் கோயமுத்தூர் பக்கம். டிப்ளமா முடித்து, மத்திய சர்க்கார் தொழிற்சாலை ஒன்றில் வேலை கிடைத்து ஹைதராபாத் வந்தவர். வருவதற்கு முன்பே ஹிந்தி பிரசார சபாவின் பரீட்சைகளை ஒன்றுவிடாமல் எழுதித் தள்ளி, சான்றிதழ்களைக் கண்ணாடி போட்டு மாட்டி வைத்திருந்தார். அந்த ஹிந்தியை வைத்துக்கொண்டு லோத்குண்டா கடைத்தெருவில் ஒரு கட்டுக் கீரை வாங்க முடியவில்லை என்பது வேறு விஷயம். கடைக்காரன் சிரிப்பான். ராஜம் குறுக்கே புகுந்து நாலு வார்த்தை பேசி முடித்துவிடுவாள்.

"நீ பேசறது ஹிந்தியே இல்ல புள்ள," என்பார் பழனிசாமி.

"கீரை வந்துச்சா இல்லியா?" என்பாள் ராஜம்.

சுபாவத்தில் அவள் பயந்தாங்கொள்ளி இல்லை. அவர்கள் குடியிருந்தது கன்டோன்மென்ட் நிலத்தை ஒட்டிய வீடு. பட்டாளத்துக்காரர்கள் துப்பாக்கி சுட்டுப் பழகும் சத்தம் காலையிலேயே ஆரம்பித்துவிடும். அவள் பாட்டுக்கு அரிசி களைந்துகொண்டிருப்பாள். கொல்லையில் பாம்பு வந்தால் பக்கத்து வீட்டு ஆண்பிள்ளைகள் இவளைத்தான் கூப்பிடுவார்கள். அப்பேர்ப்பட்டவளுக்கு எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு பயம் வந்தது. வந்தது என்றால் வந்து போகவில்லை. கூடவே குடித்தனம் நடத்தியது.

பழனிசாமிக்குக் கார் ரேஸ் பைத்தியம். தொழிற்சாலையில் அவருக்கு மேலதிகாரியாக இருந்த உமாசங்கர் என்ற கல்யாணமாகாத இன்ஜினியர், ஹப்சிகுடாவில் தன் வாடகை வீட்டுக் கொட்டகையில் ஒற்றை ஆள் உட்காரும் ரேஸ் வண்டி ஒன்றைத் தன் கையாலேயே செய்துகொண்டிருந்தார். அலுமினியத் தகட்டைத் தட்டித் தட்டி உடம்பு பண்ணியிருந்தார். கணக்கு வழக்கு, லாரி, ரயில், அனுமதி எல்லாம் ரகுநாதன் பொறுப்பு. அவர் ராணுவக் கணக்கு அலுவலகத்தில் வேலை பார்த்தவர். ஓட்டுவது பழனிசாமி. வருஷத்துக்கொரு முறை மதராஸுக்கு வெளியே ஒரு பழைய விமான ஓடுதளத்தில் ரேஸ் நடக்கும். அங்கே ஒரு தடவையாவது முதல் மூன்று இடத்துக்குள் வந்துவிட வேண்டும் என்பதுதான் இந்த மூன்று பேரின் தவம். தவம் செய்கிறவர்களுக்குப் பசி தூக்கம் தெரியாது, பெண்டாட்டி பிள்ளையும் தெரியாது.

முதலில் ராஜம் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சீட்டாடப் போகாமல் இருக்கிறாரே, அதுவே புண்ணியம் என்று இருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஊருக்கு வெளியே பொட்டல் வெளியில் வண்டியை ஓட்டிப் பார்க்கிறார்கள் என்று டிபன் கேரியரைத் தூக்கிக்கொண்டு போனாள். தூரத்தில் வண்டி வந்துகொண்டிருந்தது. திடீரென்று 'டமார்' என்று ஒரு சத்தம். அடுத்து ஒரே புகை. வண்டி பக்கவாட்டில் சறுக்கி, சுழன்று, ஒரு கருங்கல் குவியலுக்கு முன்னால் போய் நின்றது. புகைக்குள்ளிருந்து பழனிசாமி கையையும் காலையும் ஊன்றித் தவழ்ந்து வெளியே வந்தார். சட்டையின் இடது கை எரிந்துகொண்டிருந்தது. ராஜம் டிபன் கேரியரோடு அப்படியே நின்றாள். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. உமாசங்கர்தான் ஓடிப்போய் மண்ணை வாரிப் போட்டு அணைத்தார்.

காரணம் பிறகு தெரிந்தது. அந்த இன்ஜின் யார் வீட்டுக் கொட்டகையிலோ வருஷக்கணக்கில் சும்மா கிடந்தது. பார்க்க நன்றாக இருக்கிறதே என்று திறந்து பார்க்காமல் அப்படியே வண்டியில் மாட்டிவிட்டார்கள். உள்ளே எண்ணெய் போகிற துவாரம் காய்ந்து அடைத்துக் கிடந்திருக்கிறது. வேகம் எடுத்ததும் உள்ளே இருந்த ராடு உடைந்து, இன்ஜினைப் பொத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் பழனிசாமியின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உமாசங்கர் சத்தியம் மாதிரி சொன்னார்: "சும்மா கிடந்த இன்ஜினைத் திறந்து பாக்காம இனிமே தொடப்படாது பழனி. தொட்டா நாம மனுஷாளே இல்லை."

ராஜம் அந்த வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

இத்தோடு விட்டது சனியன் என்றுதான் அவள் நினைத்தாள். புண் ஆறியதும் மூன்று பேரும் வேறு இன்ஜின் தேட ஆரம்பித்தார்கள். அந்தக் காலத்தில் ரேஸுக்குத் தகுந்த இன்ஜின் நினைத்தவுடன் கிடைக்கிற சரக்கா? வெளிநாட்டிலிருந்து வரவழைக்க லைசென்ஸ் வேண்டும். அது மந்திரிக்கே கிடைக்காது. பம்பாயில் ஒரு ஏஜெண்டுக்கு எழுதினார்கள், பதிலே இல்லை. ராணிகஞ்ச் உதிரி பாகக் கடைகளில் ஏறி இறங்கினார்கள். திருமலகிரியில் பட்டாளத்துக் கழிவுச் சாமான் ஏலத்துக்குப் போனார்கள். அங்கே இருந்ததெல்லாம் லாரி இழுக்கிற இன்ஜின்கள். நாய் படாத பாடு பட்டுத் திரும்பி வருவார் பழனிசாமி. வாசலில் செருப்பை விடும்போதே முகத்தில் தெரிந்துவிடும், இன்றைக்கும் கிடைக்கவில்லை என்று. ராஜத்துக்கு உள்ளே பால் வார்த்தது போல இருக்கும். வெளியே, "அய்யோ, கிடைக்கலியா?" என்று உச்சுக்கொட்டுவாள். ராத்திரியில் அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். அலுப்பு என்று நினைத்துக்கொள்வாள்.

அப்போதுதான் ரகுநாதன் ஒரு சேதி கொண்டுவந்தார். பழைய நகரத்தில் ஒரு நவாப் வீட்டில் சீமை ரேஸ் கார் ஒன்றின் இன்ஜின் தனியாகப் பெட்டிக்குள் இருக்கிறதாம். ஆனால் எந்தப் பேச்சும் பேகத்தோடுதான். பேகமோ திரைக்கு வெளியே வருகிறவர் இல்லை. ஆண்களோடு பேசவும் மாட்டார். வீட்டுக் கணக்கு வழக்கு பார்க்கிற முன்ஷி ஒருவர் இருக்கிறார். அவரைக் கேட்டால், "பேகம் சாஹிபாவைக் கேட்டுக்கொள்ளுங்கள்" என்பதற்கு மேல் வாயைத் திறக்கமாட்டேன் என்கிறார்.

"நம்ம ராஜத்தைக் கூட்டிட்டுப் போலாங்க," என்றார் பழனிசாமி.

 இந்த இன்ஜின் கிடைக்கக் கூடாது என்று பிள்ளையாருக்குச் சூடம் ஏற்றிக்கொண்டிருந்தவளையே அதைக் கேட்டு வாங்கி வர அனுப்புகிறார்கள். மாட்டேன் என்று சொல்ல ராஜம் வாயெடுத்தாள். பழனிசாமி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வைக்கு முன்னால் அவளால் எதையும் மறுக்க முடிந்ததில்லை.

நவாப் வீட்டு முற்றத்தில் ஆண்கள் மூன்று பேரும் நின்றார்கள். ராஜம் மட்டும் உள்ளே போனாள். திரைக்குப் பின்னால் பேகம் வெள்ளை உடுத்தி உட்கார்ந்திருந்தார். கையில் வளையல் இல்லை. நவாப் காலமாகிவிட்டார் என்று ராஜத்துக்குப் பார்த்தவுடன் புரிந்தது. அதைப் போய் வாய்விட்டுக் கேட்கிற ஆள் அவள் இல்லை. பேகம் அவளைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார், வெற்றிலை கொடுத்தார், எத்தனை குழந்தைகள் என்று கேட்டார். கடைசியில் இன்ஜினைப் பற்றிச் சொன்னார்:

"பர்ஸோச் தோ குல்வாயே ஸாப். ஸப் நயா டல்வாயே."

ஸாப், அதாவது நவாப், பர்ஸோதான் அதைத் திறக்க வைத்தார், எல்லாம் புதிதாகப் போட வைத்தார் என்று அர்த்தம். ராஜம் தலையாட்டினாள். ஹைதராபாத்காரர்களுக்குப் பர்ஸோ என்பது நாள் கணக்கில் அடங்குகிற வார்த்தையே இல்லை. போன வாரமும் பர்ஸோ, போன வருஷமும் பர்ஸோ, பத்து வருஷத்துக்கு முன்னால் நடந்த கல்யாணமும் பர்ஸோதான். போன காலத்தில் என்றைக்கோ, அவ்வளவே. லாலாகுடா குழாயடியில் பிறந்து வளர்ந்தவளுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

எடுத்துக்கொண்டு போகலாம் என்று பேகம் சம்மதம் சொன்னார். முற்றத்துக்கு வரும் வழியில் ராஜம் ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். 'நக்கோ சொல்லிட்டாங்க' என்று இரண்டு வார்த்தை சொன்னால் போதும், இந்தப் பீடை இன்றோடு ஒழிந்தது. நாக்கின் நுனி வரைக்கும் வந்துவிட்டது. வெளியே மூன்று பேரும் பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிற பையன்கள் மாதிரி நின்றிருந்தார்கள். பொய் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

"ஹவ் சொல்லிட்டாங்க," என்றாள். "பர்ஸோதான் தொறந்து எல்லாம் புதுசா போட்டாங்களாம்."

பேகம் சொன்னதைச் சொன்னபடியே சொல்லிவிட்டாள். பர்ஸோவையும் பர்ஸோவாகவே. கேட்டுக்கொண்டவர்களோ சபாவில் பரீட்சை எழுதித் தேறியவர்கள். புத்தகத்தில் பர்ஸோ என்றால் முந்தாநாள். ஒரு நாள் முன்னும் கிடையாது, பின்னும் கிடையாது. அவர்கள் முகம் மூன்றும் ஒரே சமயத்தில் மலர்ந்தது. நவாப் எங்கே என்று உமாசங்கர் தன் புத்தக ஹிந்தியில் முன்ஷியிடம் கேட்டார். ஸாப் இல்லை என்றார் முன்ஷி, தலையைக் குனிந்தபடி. வெளியூர் போயிருக்கிறார் போலிருக்கிறது என்று உமாசங்கர் எடுத்துக்கொண்டார். பெட்டியைத் திறந்தால் மெழுகுத் துணியில் சுற்றி, கிரீஸ் தடவி, இன்ஜின் பளபளவென்று இருந்தது. சந்தேகப்பட என்ன இருக்கிறது?

அதை வண்டியில் மாட்டி ஓடவிட்டுப் பார்த்தபோது கேட்ட சத்தம் உமாசங்கருக்குச் சங்கீதமாக இருந்ததாம். ஒரே ஒரு சங்கடம். இன்ஜினின் மேல் மூடிக்கும் உடம்புக்கும் நடுவில் கேஸ்கட் என்று மெல்லிய தகடு ஒன்று இருக்கும். மூடியைத் திறந்தால் அது கிழிந்துபோகும், அது இல்லாமல் இன்ஜின் ஓடாது. இந்த இன்ஜினுக்கு வேறு கேஸ்கட் இந்தியாவிலேயே கிடையாது. அதனால் திறக்காமல் ஓட்டுவது என்று முடிவு செய்தார்கள். இது ராஜத்துக்குத் தெரியாது. ஹப்சிகுடா கொட்டகையில் நடந்த பேச்சு லோத்குண்டா அடுக்களைக்கு எப்படி எட்டும்? திறந்து, பார்த்து, துடைத்துத்தான் மாட்டியிருப்பார்கள், அத்தனை பெரிய சத்தியம் செய்தார்களே என்று அவள் இருந்தாள். அந்த ஒரு தைரியத்தில்தான், ஞாயிற்றுக்கிழமை நடக்கும் ரேஸுக்காக வெள்ளிக்கிழமை அவரை மதராஸுக்கு வழியனுப்பி வைத்தாள்.

மறுநாள் சனிக்கிழமை மத்தியானம் ரகுநாதனின் மனைவி கல்பகம் வந்தாள். தஞ்சாவூர்க்காரி, நல்ல மனுஷி. ராஜம் தனியாக இருந்து பயந்துகொண்டிருப்பாளே என்று தேறுதல் சொல்லத்தான் வந்தாள்.

"நீ ஒண்ணும் கவலைப்படாதே ராஜம். போன தடவை மாதிரி எத்தனையோ வருஷம் கிடந்த இன்ஜினா இது? முந்தாநாள்தான் பிரிச்சுப் புதுசு பண்ணினதாம். அதனால திறக்கக்கூட வேண்டாம்னு விட்டுட்டான்னு இவர் சொன்னார்."

ராஜம் காபி டம்ளரைக் கீழே வைத்தாள். "முந்தாநாளா? யார் சொன்னாங்க மாமி, முந்தாநாள்னு?"

"நீதானேடி சொன்னியாம். பேகம் அப்படிச் சொன்னதா."

"நான் பர்ஸோன்னு சொன்னேன்."

"அதான். பர்ஸோன்னா முந்தாநாள்தானே?"

 பேகத்தின் வெள்ளைத் துணி ராஜத்தின் கண்முன்னால் வந்தது. அந்த வெறும் கை வந்தது. நவாப் செத்து எத்தனை வருஷமோ! அவர் உயிரோடு இருக்கும்போது திறந்த இன்ஜின். அத்தனை வருஷமும் பெட்டிக்குள் சும்மா கிடந்த இன்ஜின். அதைத் திறக்காமலே மாட்டிவிட்டார்கள், அவள் வார்த்தையை நம்பி. அந்தப் பொட்டலில் கேட்ட 'டமார்' அவள் காதுக்குள் மறுபடியும் கேட்டது. சட்டைக் கை எரிந்துகொண்டிருந்தது தெரிந்தது. இந்தத் தடவை கருங்கல் குவியலுக்கு முன்னால் வண்டி நிற்கும் என்று யார் கண்டது?

கல்பகத்திடம் விஷயத்தைச் சொன்னாள். கல்பகம் வெளிறிப்போய், "தந்தி அடிப்போமா?" என்றாள். தந்தி எந்த விலாசத்துக்கு? எந்த லாட்ஜ் என்று ரகுநாதன் சொல்லிவிட்டுப் போகவில்லை. டிரங்கால் போட்டால் யார் எடுப்பார்கள்? ஓடுதளத்தில் ஏது டெலிபோன்? போஸ்ட் ஆபீஸ் வரைக்கும் ஓடிப்போய், கவுண்டரில் நின்று, விலாசம் கேட்டதும் பதில் சொல்லத் தெரியாமல் திரும்பி வந்தார்கள்.

"நான் போறேன் மாமி," என்றாள் ராஜம்.

"தனியாவா?"

"பின்ன?"

மகள் பாமாவைக் கூட்டிக்கொண்டு லாலாகுடாவுக்குப் போய், சின்ன வயசிலிருந்து சிநேகிதியான எலிசபெத்திடம் விட்டாள். எலிசபெத் எதற்கு, ஏன் என்று கேட்கவில்லை. ராஜத்தின் முகத்தைப் பார்த்துவிட்டுக் குழந்தையை வாங்கிக்கொண்டாள். "அம்மா எக்கட வெள்துந்தி?" என்று, அம்மா எங்கே போகிறாள் என்று பாமா அவளிடம் தெலுங்கில் கேட்பது படியிறங்கும்போது காதில் விழுந்தது. அன்றைய மதராஸ் ரயிலில் பெண்கள் பெட்டியில், கதவோரம் உட்கார ராஜத்துக்கு இடம் கிடைத்தது.

அந்த ரயில் பிரயாணத்தைப் பற்றி அவள் பிற்பாடு யாரிடமும் விரிவாகப் பேசியதில்லை. கண்ணை மூடினால் புகை வந்தது, திறந்தால் இருட்டு. ரயில் எங்கேயாவது நின்றால் ஏன் நிற்கிறது என்று பதறினாள், வேகமாக ஓடினால் அந்தத் தடதடப்பில் இன்ஜின் உடைகிற சத்தம் கேட்டது. பக்கத்தில் இருந்த ஒரு அம்மாள், "யாருக்கம்மா உடம்பு சரியில்லை?" என்று கேட்டாள். "எங்க வீட்டுக்காரருக்கு," என்றாள் ராஜம். சொன்ன பிறகு, ஏன் இப்படி அச்சானியமாகச் சொன்னோம் என்று தன் வாயிலேயே இரண்டு போட்டுக்கொண்டாள்.

சென்ட்ரலில் இறங்கி, விசாரித்து, ரெட்ஹில்ஸ் பக்கம் போகிற பஸ்ஸில் ஏறினாள். பஸ் முழுக்க ரேஸ் பார்க்கப் போகிற ஜனம். ஒருத்தன், "இந்த வருஷம் எத்தனை வண்டி கவுறுதுன்னு பாக்கலாம்," என்று சிரித்தான். அவனை அறையலாம் போல இருந்தது ராஜத்துக்கு. ஓடுதளம் வருவதற்கு முன்பே சத்தம் வந்துவிட்டது. ஏதோ ஒரு ரேஸ் ஆரம்பமாகிவிட்டது. எது? அவர் ஓட்டுவதா? பஸ் நிற்பதற்குள் குதித்தாள். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு ஓடினாள். வேலியண்டை நின்ற போலீஸ்காரர் மறித்தபோது, "என் புருஷன் உள்ள இருக்காருய்யா, வண்டி ஓட்டறாரு, செத்துப் போயிருவாருய்யா," என்று அவள் அலறிய அலறலில் அவரே வழிவிட்டுவிட்டார்.

ஓடிக்கொண்டிருந்தது மோட்டார் சைக்கிள் ரேஸ். வண்டிகளையும் ஆட்களையும் தாண்டித் தாண்டி, கடைசியில் அந்த அலுமினிய வண்டியைக் கண்டுபிடித்தாள். பழனிசாமி வெள்ளை மேலாடை போட்டுக்கொண்டு அதன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்திருந்தார். உயிரோடு இருந்தார். 

"சிஸ்டர்! நீங்க எங்கே இங்கே?" என்றார் உமாசங்கர். "குழந்தைக்கு ஏதாவது..."

ரகுநாதன் கடுப்பில் இருந்தார். "நல்ல வேளையா வந்தேள். உங்க ஆத்துக்காரரை நீங்களே கேளுங்கோ. நேத்து பிராக்டீஸ்ல வண்டியை விரட்டவே மாட்டேங்கறார். பிளக்குங்கறார், கார்பரேட்டருங்கறார். எல்லாம் நன்னாத்தான் இருக்கு. அடுத்த ரேஸ் நம்மளோடது."

ராஜம் அவர்கள் யாரையும் பார்க்கவில்லை. "ஏங்க," என்றாள் புருஷனிடம். மூச்சு வாங்கியது. "ஏங்க, அந்த பர்ஸோ முந்தாநாள் இல்லீங்க. எங்க ஊர்ல பர்ஸோன்னா என்னிக்கோன்னு அர்த்தம். நவாப் செத்து வருஷக்கணக்கா ஆவுது. பேகம் வெள்ளை கட்டியிருந்தாங்க, கைல வளையல்கூட..."

அவள் முடிக்கவில்லை. பழனிசாமியின் கை ஏற்கெனவே ஸ்பேனரை எடுத்துவிட்டிருந்தது. முதல் நட்டில் மாட்டித் திருகிக்கொண்டே, "தொறந்துரலாம் சார்," என்றார்.

"பழனி, இரு!" உமாசங்கர் அவர் தோளைப் பிடித்தார். "கேஸ்கட் போயிடும். வேற கிடையாது. ஓடறதே நன்னா, சத்தத்தைக் கேட்டியோன்னோ? ஒரு நிமிஷம் யோசிச்சு..."

"சும்மா கெடந்த இன்ஜினைத் தொறந்து பாக்காமத் தொடக்கூடாதுன்னு சொன்னது நீங்கதானுங்க."

உமாசங்கர் கையை எடுத்துவிட்டார். சொன்னது அவர்தான். பழனிசாமி நட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். ராஜம் அவர் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். கடவுளே, உள்ளே ஏதாவது ஒடிந்து இருக்க வேண்டும், நான் சொன்னது சரியாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள். இப்படி ஒரு வேண்டுதலா என்று அவளுக்கே கூச்சமாக இருந்தது. மூடி பிடிவாதமாக ஒட்டிக்கொண்டிருந்தது. பிறகு 'சர்ர்' என்று கிழிகிற சத்தத்தோடு மேலே வந்தது. கேஸ்கட் இரண்டாகப் போயிருந்தது.

மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள். உமாசங்கர் விரலை உள்ளே விட்டுச் சுவரைத் தடவினார். கீழ்ப்பக்கமும் கழற்றி, விளக்கை அடித்துப் பார்த்தார். துரு இல்லை. கீறல் இல்லை. எண்ணெய் துவாரங்கள் கண்ணாடி போல இருந்தன. நவாப் சாவதற்கு முன்னால் எல்லாவற்றையும் புதிதாகப் போட்டு, கிரீஸ் தடவி, பெட்டிக்குள் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அதற்குப் பிறகு யாரும் அதைத் தொடவில்லை. இத்தனை அருமையான இன்ஜினை அவர்கள் இனிமேல் பார்க்கப்போவதில்லை.

"புத்தம் புதுசு," என்றார் உமாசங்கர். வேறு ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்தில் கிடந்த டயரின் மேல் உட்கார்ந்து முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். பெரிய மனுஷன் தோள் குலுங்க அழுவதைப் பார்த்து ராஜத்துக்கு உடம்பு கூசியது.

ரகுநாதன் அவள் பக்கம் திரும்பினார். "இன்ஜின் கிடைக்கறதே உங்களுக்குப் பிடிக்கலைன்னு எங்காத்துல சொல்லிண்டிருந்தா. இப்போ புரியறது. நீங்க வராமலே இருந்திருக்கலாம் சிஸ்டர்."

"அவளை ஒரு வார்த்தை சொல்லாதீங்க," என்றார் பழனிசாமி. குரல் உயரவில்லை. "ஸ்பேனரப் புடிச்சது என் கை."

அவர்களுடைய ரேஸுக்கு அழைப்பு வந்தது. மற்ற வண்டிகளைத் தள்ளிக்கொண்டு போனார்கள். பழனிசாமி எழுந்து, வண்டியை ஏற்றி வந்த லாரிக்குப் பின்னால் நடந்தார். ராஜம் அவர் பின்னாலேயே போனாள். தன்னால்தான் எல்லாம் கெட்டது என்று அவளுக்கு அழுகை முட்டியது. ஆளை இழந்துவிடுவோம் என்று பயந்து ஓடிவந்தவளுக்கு, இப்போது ஆள் இருந்தும் இனி தன் முகத்தில் விழிப்பாரா என்ற பயம் பிடித்துக்கொண்டது.

"சத்தியமா நான் வேணும்னு பண்ணலீங்க. பேகம் சொன்னது அப்படியே..."

"தெரியும் புள்ள."

"உள்ள நல்லாத்தான் இருந்திச்சு. நான் கெடுத்துட்டேன்."

பழனிசாமி லாரிச் சக்கரத்தில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தார். "நீ சொல்லி முடிக்கறதுக்குள்ள நான் தொறக்க ஆரம்பிச்சுட்டேன். பாத்தியா?"

"பாத்தேன்."

"சார் ரெண்டு வார்த்தை பேசியிருந்தா, ஓட்டலாம்னு ஆகியிருக்கும். அவரு சொன்ன சத்தியத்தையே எடுத்து அவரு வாய அடைச்சுப் போட்டேன்." அவர் கீழே பார்த்தபடியே பேசினார். "அன்னிக்கு வெடிச்சதுல இருந்து, அந்தச் சீட்டுல ஒக்காந்தா காலு என் பேச்சைக் கேக்கறதில்ல புள்ள. நேத்து பிளக்குலயும் ஒண்ணுமில்ல, கார்பரேட்டர்லயும் ஒண்ணுமில்ல. எனக்கு முடியல. ஆராச்சும் வந்து வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லமாட்டாங்களான்னு காத்தால இருந்து ரோட்டையே பாத்துட்டு ஒக்காந்திருந்தேன். நீ வந்தே."

 இந்தப் பயம் தன் ஒருத்திக்குத்தான் என்று ராஜம் இத்தனை நாள் நினைத்திருந்தாள். பொம்பளைப் பயம் என்று நினைத்து, அவருக்குத் தெரியாமல் அடுக்களையில் மறைத்து வைத்திருந்தாள். அவர் தன்னுடையதை எங்கே வைத்திருந்தார்? சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாரே, அந்த ராத்திரிகளில் ஒன்றில்கூட அவர் தூங்கியிருக்க மாட்டார் என்று இப்போது தெரிந்தது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாரோ என்னவோ. அவள் கேட்கவில்லை.

"அவங்ககிட்ட சொல்லிராத புள்ள," என்றார் அவர். "சார் மனசு ஒடைஞ்சிரும்."

"சொல்ல மாட்டேன். எம்மேலயே பழி கெடக்கட்டும்."

அந்தப் பக்கம் வண்டிகள் கிளம்பிவிட்டன. சத்தம் தரையோடு வந்து லாரியை உலுக்கியது. ஒவ்வொரு வண்டி கடக்கும்போதும் பழனிசாமியின் உடம்பு ஒரு தரம் தூக்கிவாரிப் போட்டது. ராஜம் அவர் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்து, தழும்பு விழுந்த அந்த இடது கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நாலு பேர் நடமாடுகிற இடத்தில் அவள் அவரைத் தொட்டதே இல்லை.  ரேஸ் முடிகிற வரைக்கும் அவள் அந்தக் கையை விடவில்லை.